விலை பேசாத இருவர்

அவளுடைய குடைக்கம்பி அவன் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. ஹோட்டல் வாசலில் அப்படியொரு மழை...

“கண்ணு தெரியாதா உங்களுக்கு?” என்று சீறினாள், தப்பு தன்மேல் என்று தெரிந்தும்.

“இப்பத் தெரியல. கண்ணாடிய நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கறீங்க.”

பதறிக் காலை எடுத்தாள். குனிந்து நிமிர்ந்தவனின் கண்கள்... மழை கழுவிவிட்டது போல, ஒளிவுமறைவே இல்லாத கண்கள்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

உள்ளே போனதும்தான் அவன் யாரென்று தெரிந்தது. பெயிண்ட் கம்பெனிகளின் கூட்டம் அது. அவன் எதிர்க் கம்பெனியின் விற்பனை அதிகாரி! அவளோ தன் கம்பெனியின் வக்கீல். ‘போட்டிக் கம்பெனிக்காரர்களோடு கூடி விலையை முடிவுசெய்வது குற்றம்’ என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள் வேலை.

சாப்பாட்டு மேசையில் இடியே விழுந்தது. அவளை அப்பாவாக இருந்து வளர்த்த சித்தப்பாதான் அவள் கம்பெனியின் விற்பனைத் தலைவர். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த மாசம் எல்லாரும் ஒண்ணா விலைய ஏத்திடுவோம். யாரும் பின்வாங்கக் கூடாது, என்ன?”

சுற்றியிருந்த மற்றக் கம்பெனிக்காரர்கள் தலையாட்டினார்கள். சித்தப்பாவா...? என் சித்தப்பாவா...?

“என்ன பேசறீங்க சித்தப்பா? நான் இதுல இல்ல!” நாற்காலி சரிய எழுந்தாள்.

எதிரே இன்னொரு நாற்காலியும் சரிந்தது.

“நானும் இல்ல. நான் எழுந்து போறத எல்லாரும் பாத்துக்கோங்க, நாளைக்கு நானும் கூட இருந்தேன்னு சொல்லக் கூடாது,” என்றான் அவன்.

அன்று மாலையே நடந்ததைத் தன் மேலிடத்தில் சொன்னாள். கம்பெனி தானாகவே, இந்த மாதிரி விலைக் கூட்டுகளை விசாரிக்கும் அரசு ஆணையத்திடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டது. சித்தப்பாவின் வேலை போனது.

“சோறு போட்ட கையக் கடிச்சுட்டியேடி!” சித்தி கதவைச் சாத்தினாள்.

அழுது தீர்த்தாள். அவனாவது ஒரு வார்த்தை...? ஊஹும். இருவருமே சாட்சிகள் என்பதால் விசாரணை முடியும்வரை பேசக்கூடாது. முடிந்த பிறகும் அவன் கூப்பிடவில்லை. நானா போய்க் கூப்பிடுவேன்? வீம்பு விடவில்லை.

ஒருநாள் அவள் தனியாகத் தங்கியிருந்த இடத்துக்குச் சித்தப்பாவே வந்தார். “தப்பு என்னோடதும்மா... வீட்டுக்கு வா. சித்திய நான் பாத்துக்கறேன்.”

அவரை வழியனுப்ப வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன்!

“போட்டிக் கம்பெனிக்காரங்ககூட எனக்கென்ன பேச்சு?” என்று முகத்தைத் திருப்பினாள்.

“அந்தக் கம்பெனிய விட்டாச்சு. இப்ப காலேஜ்ல பாடம் நடத்தறேன்.”

“ஐயோ! அவ்வளவு பெரிய வேலைய... எதுக்குங்க?”

“உங்ககிட்ட பேசறப்போ யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னுதான். உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு...”

அவள் கண் நிறைந்து வழிந்தது.

“எனக்கும்தான்...” என்றாள், “நீங்க நாற்காலியத் தள்ளிட்டு எழுந்தீங்களே, அப்பவே.”