கரண்டியில் சாப்பிட்டவன்

காலை ஏழு மணி. டோரிகா சைக்கிளை உருட்டிக்கொண்டு மீனவர் தெருவுக்குள் வந்தபோது, தண்ணீர் பிடித்துக் கொடுக்கும் நாகமாவின் குழாயடியை முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். அந்தத் தெருவுக்கு இருக்கும் ஒரே குழாய் அது.

ஏரிக்குள் மீன்பிடிக்கப் போன வைசன் காலராவோடு திரும்பிவந்து வீட்டிலேயே இறந்துபோனான். அவன் சாவுச் சாப்பாடு முடிந்த கையோடு தெருவில் ஏழெட்டுப் பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். தெருத் தலைவர் கம்வெண்டோவின் மருமகள் எலுபி நேற்று இறந்துவிட்டாள். மழை தொடங்கினால் வருஷாவருஷம் இந்தத் தெருவுக்கு இதே கதிதான்.

"தண்ணில மருந்து வாடை அடிக்குது. நாகமாதான் ஏதோ கலக்குறா," என்றார் கம்வெண்டோ. "எலுபிய அடக்கம் பண்ணிட்டு குழாயப் பூட்டிருவோம். அவளும் ஊரவிட்டுக் கிளம்பட்டும்."

"அப்புறம் தண்ணிக்கு?"

"ஏரி இருக்கில்ல."

சுகாதார உதவியாளரான டோரிகா சைக்கிளை ஓரமாக நிறுத்தினாள். வைசன் குடித்தது அந்த ஏரித் தண்ணீரைத்தான்.

"நீங்க எந்தத் தண்ணி குடிக்கிறீங்க, தலைவரே?"

"இதேதான்."

"சாவு வீட்டுல என்ன சாப்பிட்டீங்க?"

"எல்லாரும் சாப்பிட்டதுதான். சோளக்களி, மீன்."

"வயிறு?"

"கல்லு மாதிரி இருக்கு."

நாகமா வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "அது கிருமி சாகப் போடுற மருந்து, டோரிகா. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்," என்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அடுத்து அதே தெருவின் மீனவப் பையன் லாக்சன். வலது உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறிக் கட்டுப் போட்டிருந்தான்.

"சாவு வீட்டுல எங்க உக்காந்த?"

"கடைசில. சின்னப் பசங்களோட."

"அவங்கல்லாம்?"

"ஆஸ்பத்திரில. நான் மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எமனுக்கே என்னப் பிடிக்கல போல."

"கட்டோட எப்படிச் சாப்பிட்ட?"

"இடது கைல கரண்டி பிடிச்சுதான். சிரிக்காத அக்கா."

டோரிகா சிரிக்கவில்லை. இன்னும் சில வீடுகளில் விசாரித்துவிட்டுக் கம்வெண்டோ வீட்டுக்குப் போனாள்.

"குற்றவாளி கிடைச்சாச்சு, தலைவரே. சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் கை முக்கிக் கழுவுற பேசின்."

"என்னம்மா உளர்ற?"

"அது முதல்ல யார்கிட்ட வரும்?"

"எனக்குத்தான். அப்புறம் பெரியவங்க. அப்புறம் வயசுப்படி. அதானே மரியாத."

"தண்ணிய நடுவுல மாத்துவாங்களா?"

"மாத்த மாட்டாங்க."

"வைசன் பொணத்தக் குளிப்பாட்டினவங்க உங்க பெரியவங்களுக்கு அடுத்து அதுல கை கழுவினாங்க. அவங்களுக்கு முன்னாடி கழுவின யாருக்கும் ஒண்ணும் ஆகல. பின்னாடி கழுவினவங்கதான் படுத்தாங்க, லாக்சன் ஒருத்தனத் தவிர. அவன் கை கழுவவே இல்ல. அதே களி, அதே குழாய்த் தண்ணி, ஆனா பொழச்சிட்டான். வருஷாவருஷம் ஏரில இருந்து ஒருத்தன் காலராவக் கொண்டுவர்றான். அவன் சாவுச் சாப்பாடு அதத் தெருவுக்கே பரிமாறிடுது."



"எலுபிதான் அன்னிக்கு பேசின ஏந்திக்கிட்டு வந்தா," என்றார் கம்வெண்டோ. "எல்லாரும் கழுவினப்புறம் கடைசியா அவ கழுவினா."

டோரிகாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது யாரோ வழக்கம்போல் பேசினைக் கம்வெண்டோவின் முன்னால் வைத்தார்கள். அவர் அதைக் கவிழ்த்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தார். அங்கே எலுபியின் தங்கை லைனெஸ் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் தண்ணீர் ஊற்ற வருவதைப் பார்த்து மிரண்டுபோய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நீட்டும்மா," என்றார் கம்வெண்டோ. "இது நாகமா குழாய்த் தண்ணி. பயப்படாத."