மூன்றாவது பாட்டில்

மூன்றாவது பாட்டில் சீறிக்கொண்டிருந்தது. சோடாவைத் திறந்து வைத்த மாதிரி மெல்லிய, விடாத சத்தம். கடல்நீர் ஆய்வு நிலையத்தில் தனியாக இருந்த மேவிஸ் மூடியை அழுத்திப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தது. எந்த உயிரும் உள்ளே பிழைத்திருந்து அமில அளவைக் கெடுத்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு பாட்டிலிலும் அவளே பாதரச உப்பு நஞ்சைச் சொட்டுவாள். செத்த தண்ணீர் சத்தம் போடாது.

வெளியே நாலு மணிக்கே மூடுபனி அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையை விழுங்கியிருந்தது. இந்த அளவெடுப்பு மூன்று நாட்டு ஏற்பாடு. விரிகுடாத் தண்ணீரை மூன்று பாட்டில்களில் பிடித்து, ஒன்றை நார்வேக்கும் ஒன்றை ஜப்பானுக்கும் அனுப்பிவிட்டு, ஒன்றை இங்கே அளப்பார்கள். இரண்டு ஒத்துப்போய் ஒன்று விலகினால், விலகியதைப் பிழையென்று அடித்துவிட வேண்டும். போன மாதத் தண்ணீரில் இருபது வருஷத்தில் அவள் பார்த்திராத அமிலம். கடலில் மிதக்கும் கருவியும் தினமும் அதையேதான் சொன்னது. மற்ற இரு நாடுகளும் சாதாரணம் என்று எழுதிவிட்டன.

"ரெண்டு நாடு ஒண்ணு சொல்லுது, நீ மட்டும் தனியா ஊளையிடுற," என்று நிலையத் தலைவர் ஹேவர்ட் காலையில் சிரித்தார். "அடிச்சுத் தள்ளு மேவிஸ். நாளைக்குக் கூட்டத்துக்கு மூணு நாட்டு ஆளுங்களும் வந்து உக்காரப்போறாங்க. மானத்த வாங்காத."

தன் அளவை அடித்தாள். சிப்பிப் பண்ணைக்காரர்கள் பார்க்கும் எச்சரிக்கைப் பலகையில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. விரிகுடாவுக்கு அக்கரையில் சிப்பிக் குஞ்சு வளர்க்கும் அவள் தம்பி கிளின்ட், தொட்டிகளுக்குக் கடல்நீர் வரும், ஒரு மாதமாக மூடி வைத்திருந்த குழாயை அதைப் பார்த்துத்தான் திறந்தான். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஹேவர்ட் மேல் கோபம். வாயை மூடிக்கொண்டு விசையைத் தட்டிய தன் மேல் அதைவிடக் கோபம்.

தொலைபேசி அடித்தது. நார்வேயிலிருந்து சிசெல்.

"மேவிஸ், உங்க பாட்டிலுக்குள்ள எதுக்குப் பல்லு போட்டீங்க?"

"என்னது?"

"அடியில கிடந்துச்சு, பாதி கரைஞ்சு. பல்லுல இருக்கற சுண்ணாம்பு கரைஞ்சா அமிலம் அடங்கிரும்ல? அதான் எங்க அளவு சாதாரணமா வந்திருக்கு. ஜப்பான் பாட்டில்லயும் இருந்துச்சாம்." சிசெலின் குரல் இறங்கியது. "மனுஷப் பல்லு மாதிரி இருக்கு."

அப்படியானால் அவள் அடித்துத் தள்ளிய அளவுதான் சரி. மேவிஸ் கிளின்டை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பலகையைச் சிவப்பாக்கிவிட்டு வண்டியை எடுத்தாள்.

அவன் பண்ணைப் பாதையில் எப்போதும் டயருக்கடியில் நொறுங்கும் சிப்பி ஓடுகள் இன்று நொறுங்கவில்லை. வெள்ளைச் சேறு சக்கரங்களை வழுக்கி இழுத்தது, வாசலருகே ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்த ஓட்டு மேடு பால் வழிந்த மாதிரி தரையோடு பரவிக் கிடந்தது, காற்றில் உப்பு வாடை போய்ப் பல் வைத்தியர் அறையில் வரும் சூடான எலும்புத் தூள் நாற்றம் அடித்தது.

கொட்டகைக்குள் அதே சீறல். நாற்பது தொட்டிகளிலிருந்தும்.

"கிளின்ட்!"

கடைசித் தொட்டியின் விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் தோள்வரை தண்ணீருக்குள்.

"கைய எடுடா! எடுடா சொல்றேன்!"

"வலிக்கவே இல்லக்கா." பல் இல்லாத குழறல். "பச்சை போட்டிருந்தியே. குஞ்சுங்க எங்கன்னு தேடுறேன்."

ஹேவர்டின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. அழுதுகொண்டே தம்பியை நோக்கி ஓடினாள்.

கிளின்ட் எழுந்தான். திரும்பினான். கைகள் தண்ணீரிலிருந்து வெளியே வந்தன.

தோல் முழுசாக இருந்தது. நகங்களும்.

உள்ளே எலும்பு எதுவும் இல்லை.

"அழாதக்கா," என்று அவளை அணைக்கத் தோளைத் தூக்கி வீசினான். கை அவள் கழுத்தில் விழுந்தது. சுருண்டது. முதுகு வழியே மெல்ல வழிந்து இறங்கியது.