நாலு விரல் சந்து

அறை நாலு விரல் அகலம் பாக்கி வைத்து நின்றுவிட்டது. மார்லிஸ் திருகு கைப்பிடியின் மேல் உடம்பின் முழு எடையையும் போட்டுப் பார்த்தாள். இரும்பு முனகியதே தவிர அசையவில்லை. பழைய வீட்டு வண்டியின் பக்கவாட்டில், மேசையின் இழுப்பறையைத் திறந்து விட்டதுபோல வெளியே நீண்டு நிற்கும் படுக்கையறை அது. மோட்டார் எரிந்துபோனதால், வண்டிக்கு வெளியே பின்சக்கரத்தருகே குந்திக்கொண்டு கையால் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். எழுந்து போய்ச் சந்தில் முகத்தை வைத்தாள். உள்ளேயிருந்து குளிர் வந்து கன்னத்தில் பட்டது, கூடவே ஈரச் சாக்கு வாடையும். வந்த நாள் முதல் ஒரு சொட்டு மழை பார்க்காத அரிசோனா பாலைவனத்தில் ஈர வாடை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"வெர்லன்! எங்கயோ இடிக்குது. நாற்காலிய எடுத்தியா இல்லையா?"

இன்னொரு தரம் கத்தினாள்.

வீட்டு வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் இதில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே ஒருவர் நின்று, பூனையோ நாற்காலியோ மனிதக் காலோ வழியில் இல்லை என்று பார்த்துவிட்டு, சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதைக் கேட்காமல் வெளியே நிற்பவர் கைப்பிடியைத் தொடக் கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் படபடவென்று அடிக்க வேண்டும். பாலைவனக் காற்றில் கத்தினால் காதில் விழாது, தட்டினால் விழும். மார்லிஸ் தட்டலைக் கேட்ட பிறகுதான் திருகினாள். டொக், டொக். நிதானமான இரண்டு தட்டு.

"யாரைப் போட்டு இந்தக் கத்து கத்துற?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் கணவன் வெர்லன் நின்றுகொண்டிருந்தான், ஒரு கையில் பெரிய ஸ்பேனரும் இன்னொரு கையில் பாதி கடித்த டோனட்டுமாக.

"நீ உள்ள இல்ல?"

"பக்கத்து ராய்ஸ் வண்டியிலேர்ந்து இப்பத்தான வரேன். ஸ்பேனர் கேட்டாத் தின்னக் குடுத்து உக்காரச் சொல்றான், என்ன பண்ண?"

"அப்ப தட்டினது யாரு?"

"எலியா இருக்கும். வாடகை குடுக்காத எலி." சிரித்தவன், சிரிப்பு மார்பு ஆபரேஷன் தையலில் இழுக்கவே கையை அங்கே வைத்துக்கொண்டான். "இல்லன்னா காத்து. அந்தப் பழைய தகரத்துல காத்து தபேலா வாசிக்கும், கிழவி. இதுக்குப் போயி முகம் வெளுத்து நிக்கிற."

அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. படிக்கட்டில் அந்த மரக்கட்டை கிடந்தது. காலையில் அறையின் தண்டவாளத்துக்கு அடியிலிருந்து வெர்லன் உருவியெடுத்தது. நாலு விரல் பருமன். 'இதுதான் நம்ம வியாதி, யாரோ வேணும்னே சொருகியிருக்கான்' என்று அவன் சந்தோஷப்பட்டான். கட்டை போன பிறகும் அறை அதே இடத்தில்தான் நின்றது. யூமா ஊரில் இந்த வண்டியை அவர்களுக்கு விற்ற அம்மாள் சாவியைக் கொடுக்கும்போது சொன்னது மார்லிஸுக்கு ஞாபகம் வந்தது. "அந்த அறைய மட்டும் முழுசா மூடிடாதீங்க. கொஞ்சம் சந்து இருக்கட்டும்." ரப்பர் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று அன்றைக்கு இருவரும் நினைத்தார்கள்.

அந்தச் சந்தோடுதான் இங்கே வந்தார்கள். வரும் வழியில் நெடுஞ்சாலையில் ஒரு காற்று அடித்து, அறை கட்டி வைத்த கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே பாய்ந்து, எதிரே வந்த லாரியை மயிரிழையில் தவறவிட்டது. இனி மூடாமல் ஒரு மைல்கூட ஓட்டமாட்டேன் என்று வெர்லன் அன்றே சொல்லிவிட்டான்.

இன்றைக்கோ ஓட்டியே ஆக வேண்டும். மலையில் மழை கொட்டுகிறது, இருட்டுவதற்குள் ஓடை உடைத்துக்கொண்டு வரும், எல்லாரும் கிளம்புங்கள் என்று ரேஞ்சர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஓடைக்கரையில் வண்டிகள் நின்ற முகாமே காலியாகிவிட்டது. கடைசியாக ராய்ஸ் தன் வண்டியை அவர்கள் பக்கத்தில் நிறுத்தி ஜன்னலை இறக்கினான்.

"ரெண்டு பேரும் ஏறுங்க. தகர டப்பா போனாப் போவுது."

"தகர டப்பாவா? மினசோட்டா வீட்ட வித்து வாங்கின டப்பாடா இது," என்றான் வெர்லன். "இத விட்டா எங்களுக்குக் கூரையே இல்ல. நீ போ. பின்னாலயே வந்துர்றோம்."

மார்லிஸுக்கு ஏறிவிட வேண்டும்போல இருந்தது. வாய் வரை வந்தது. ஆபரேஷன் முடிந்து வந்த மனிதனை ஓட்டாண்டியாக்கி அழைத்துக்கொண்டு போக மனம் வராமல் விழுங்கிக்கொண்டாள். ராய்ஸின் சிவப்பு விளக்குகள் புழுதிக்குள் சிறுத்து மறைந்தன.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். நாற்காலி சமையல் பக்கம் இருந்தது. பூனை முன்சீட்டுக்கு அடியில் காதுகளை ஒட்ட மடக்கிக்கொண்டு கிடந்தது. படுக்கையறையில் யாரும் இல்லை; ஈரச் சாக்கு வாடை மட்டும் அங்கே தடித்து, வெந்நீர் ஆவி மாதிரி கழுத்தில் ஒட்டியது. கட்டிலின் தலைமாட்டில், தள்ளும் அறையின் சுவருக்கும் வண்டியின் சுவருக்கும் நடுவே ஓர் ஒடுக்கமான இருட்டு. வெர்லன் டார்ச் அடித்தான்.

"மூலையில துணி மாதிரி என்னமோ சுருண்டு கெடக்கு. அதான் இடிக்குது. நான் நுழைஞ்சு எடுத்துர்றேன்."

"அதுக்குள்ளயா? நீயா?"

"இளைச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா? பல்லி மாதிரிப் போயிட்டு வந்துருவேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். இருவரும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு தட்டு வேணாம். எனக்குப் பயமா இருக்கு, வெர்லன். சிரிக்காத."

"சிரிக்கல. சரி, வேற வச்சுக்குவோம். ஒண்ணு தட்டி, கொஞ்சம் விட்டு, ரெண்டு. எந்த எலிக்கும் இது வராது. அது கேட்டா நான் வெளிய வந்துட்டேன்னு அர்த்தம். போதுமா?"

முழங்காலில் தட்டிக் காட்டினான். டொக். டொக், டொக். அவளும் தன் முழங்காலில் தட்டிப் பார்த்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் பலகை ஒரு தரம் நெரிந்தது, தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல. அவள் வெர்லனைப் பார்த்தாள். அவன் சட்டைக் கையை இறக்கிப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

அவனை அந்த இடுக்கில் நுழைய விட்டு மார்லிஸ் வெளியே வந்தபோது வெளிச்சம் செம்மண் நிறமாகியிருந்தது. தூரத்தில் ஒரு இரைச்சல். காற்றா, தண்ணீரா, தெரியவில்லை. நாலு விரல் சந்தின் மூலையில் சிவப்புக் கட்டம் போட்ட சட்டைக் கை நீண்டு, விரல்கள் அவளைப் பார்த்து ஆடின.

"கை குலுக்குங்க அம்மணி," என்று உள்ளேயிருந்து அமுங்கிய குரல். அவள் குலுக்கினாள். சூடான கை. அவள் கறுப்பு நூலில் தைத்துப் போட்ட பித்தான் மணிக்கட்டில் இருந்தது.

"சீக்கிரம் வெளிய வந்து தொலை."

"போ, போய்க் கைப்பிடியப் பிடி."

பின்சக்கரத்தருகே குந்தினாள். இங்கிருந்து அந்த மூலை தெரியாது. காற்று புழுதியை வாரி முதுகில் இறைத்தது. இரைச்சல் நெருங்கியிருந்தது. இப்போது சந்தேகமே இல்லை, தண்ணீர்தான். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அவனுக்கு மூச்சு வாங்குமோ, தையல் பிரியுமோ, ராய்ஸோடு ஏறியிருக்கலாமோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

டொக்.

மூச்சைப் பிடித்தாள்.

டொக், டொக்.

அழுகை வந்துவிட்டது அவளுக்கு. வந்துவிட்டான். திருகினாள்.

அறை நகர்ந்தது. இவ்வளவு நாளாக முரண்டு பிடித்தது, வெண்ணெயில் போவதுபோல வழுக்கிப் போனது. உள்ளேயிருந்து யாரோ கூடச் சேர்ந்து இழுப்பதுபோல. மூன்று விரல். இரண்டு. பல்சக்கரம் படபடவென்று அடித்தது. பழைய சக்கரம், அடிக்கத்தானே செய்யும். இன்னும் வேகமாகத் திருகினாள். ஒரு விரல். ரப்பர் பட்டை தகரத்தில் அழுந்தி ஒரு பெருமூச்சு விட்டது.

மூடிவிட்டது. பொட்டுச் சந்து இல்லை.

"வெர்லன்! மூடிருச்சு!"

கைப்பிடியை விட்டாள்.

படபட சத்தம் நிற்கவில்லை.

சக்கரம் ஓடவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. சுவருக்குள்ளிருந்து. படபட, படபட. பிறகு பட. பிறகு ஒன்றுமில்லை.

கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருகினாள். அசையவில்லை. தொங்கினாள். காலால் உதைத்தாள். அசையவில்லை. அவன் பெயரைக் கத்தினாள். எந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தத் தட்டலைப் பேசி முடிவு செய்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூலைக்கு ஓடினாள்.

ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே சிவப்புக் கட்டம் போட்ட சட்டைக் கையின் நுனி தொங்கியது. விரல் அகலத் துணி. கறுப்பு நூல் தைத்த பித்தான். இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

அவசரமே இல்லாமல் இழுத்தது. துணி அவள் விரல்களுக்குள்ளிருந்து நூல் நூலாக நழுவியது. பித்தான் ரப்பரில் முட்டியது, தெறித்து மணலில் விழுந்தது. கடைசி நூலும் உள்ளே போனது. ரப்பர் வாயை மூடிக்கொண்டது.

தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை. உள்ளங்கைகளைத் தகரத்தில் பதித்து, காதையும் வைத்தாள்.

தகரத்தின் மறுபக்கம், சரியாக அவள் காது இருந்த இடத்தில், நிதானமாக:

டொக்.

டொக், டொக்.