முந்திக்கொண்டு திறந்த பக்கம்

காலை மணி ஒன்பது. மருந்துச் சீட்டைப் படித்த மருந்தாளர் பாட்டிலை எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். பத்து கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஆறு மில்லியாம். போன வாரம் வந்த சிரப் பழையதைவிட இரு மடங்கு வீரியமானது. மூன்று மில்லிக்கு மேல் கொடுக்கக் கூடாது.

சீட்டை எழுதியவர் அவளுடைய அண்ணன், அந்தச் சின்ன கிளினிக்கின் டாக்டர். ஒரு போன் செய்து அளவைத் திருத்திக் குழந்தையின் அம்மாவை அனுப்பி வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஒன்பதரைக்கு அவர் அறையில் சண்டை வெடித்தது.

"எல்லாம் அந்த நர்ஸ் பண்ண பக்கத்தால வந்த வினை. பழைய சிரப்போட அட்டவணைக்கே கொண்டுபோய் விட்டுச்சு. நம்பி எழுதினேன்."

மருந்தளவு, தடுப்பூசி, விஷமுறிவு என்று டாக்டருக்கு வேண்டிய இணையதளங்களை நர்ஸ் ஒரே பக்கத்தில் அடுக்கியிருந்தாள். பக்கம் இருப்பது வரவேற்பறைக் கணினியில். காலையில் அவள் வந்து அதைப் போட்டால்தான் மற்ற அறைகளில் திறக்கும். வெளியார் பார்க்க முடியாது.

"போன வாரமே லிங்க்கை மாத்திட்டேன் சார்," என்றாள் நர்ஸ். கண் கலங்கியிருந்தது.

மருந்தாளர் தன் கணினியில் பார்த்துவிட்டு வந்தாள். "புது அட்டவணைதான் வருது அண்ணா."

"இப்ப வரும். வந்ததும் திருத்தியிருப்பா. ஒன்பதே காலுக்கு ஆடி அசைஞ்சு வந்தா, வந்த வேகத்துல கம்ப்யூட்டர்லதான் போய் உக்காந்தா. இன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடு."

நர்ஸ் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துகிறவள். மருந்தாளர் டாக்டரின் பக்கம் திரும்பினாள். அண்ணன் கெட்டவரில்லை. பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான். பயந்தால் அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும்.

"நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"எட்டரை. என்னைக்கும் நான்தான் முதல்ல."

"இப்ப பக்கத்தைத் திறந்து காட்டுங்களேன்."

"கோபத்துல கம்ப்யூட்டரையே அணைச்சுட்டேன்."

"போடுங்க. இதோ வந்துடறேன்."

அவள் வரவேற்பறைக்குப் போய் அங்கிருந்த கணினியை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "இப்ப திறங்க."

பக்கம் திறந்தது. மருந்தளவு இணைப்பைத் தட்டினார். பழைய அட்டவணை.

"பார்த்தியா? இன்னும் பழசுதான்."

"பார்த்தேன். வரவேற்பறைக் கம்ப்யூட்டர் அணைஞ்சு கிடக்கு. இது எப்படித் திறந்துச்சு?"

டாக்டர் திரையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"காலையிலயும் இதே கதைதான் அண்ணா. குழந்தைக்கு எழுதினப்ப மணி ஒன்பதுகூட ஆகல. இவ வந்தது ஒன்பதே காலுக்குன்னு நீங்களே சொன்னீங்க. இவ வராம உங்களுக்கு மட்டும் பக்கம் திறந்திருக்குன்னா, அது இவளோட பக்கமே இல்ல. இந்தக் கம்ப்யூட்டர்லயே யாரோ எடுத்து வெச்ச நகல். நகலுக்கு லிங்க் மாறினது எப்படித் தெரியும்? இந்த அறைப் பூட்டுக்கு ஒரே சாவி. அது உங்க சட்டைப் பையில இருக்கு."

அவர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். முகத்திலிருந்த கோபம் வடிந்துபோயிற்று.

"தினமும் சீக்கிரம் வந்து உக்காந்திருப்பேன். பக்கம் திறக்காது. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டேன். அதோட மறந்தே போச்சு." நர்ஸின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடதும்மா. அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். மன்னிச்சுடு."

நர்ஸுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டர் அந்த நகலை அழித்தார். "வெளியில இருக்கிற கம்ப்யூட்டரை எப்படிப் போடணும்னு காட்டும்மா."

மறுநாள் காலை நர்ஸ் வந்தபோது வரவேற்பறைக் கணினி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் அதன் பக்கத்திலேயே காவல் நின்றார்.

"வாம்மா. புது அட்டவணைதானான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லு. அப்புறம்தான் முதல் சீட்டு எழுதுவேன்."