முதல் அறிவிப்பு

காபி ஆறுவதற்குள் நேற்றைய திருத்தங்களைப் பார்த்து முடிப்பது மங்களநாயகியின் வழக்கம். யாரும் எழுதித் திருத்தக்கூடிய பொதுக்களஞ்சியம் சொல்வதைத்தான் அந்நகரத்துப் பள்ளிகளும் நீதிமன்றமும் தெருப்பலகைகளும் சொல்லும். அவள் ஜன்னலுக்கு எதிரே இருந்த ஒளிப்பலகையும் அதையே காட்டியது: ‘பொறியாளர் தில்லைவிடங்கன் சாலை. பெருவெள்ளத்தில் கடற்கதவை மூடி ஊரைக் காத்தவர்.’ அவளுடைய அப்பா. அவரைப் பற்றிய பக்கத்துக்கு அவள்தான் காவலர்.

அந்தப் பக்கத்தில் புதியவன் ஒருவன் ஒரு வரி சேர்த்திருந்தான். ‘கதவை மூடியபோது படகுக்காரர்கள் வெளியே இருந்தார்கள்.’ சான்று எதுவும் இல்லை.

புதியவர் விதி மீறினால் என்ன தவறு, எப்படித் திருத்துவது என்று காவலர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதன் வாசகத்தை எழுதியவளே மங்களநாயகிதான். சொல்லியும் கேளாதவருக்குத்தான் பூட்டு. பூட்டு விழுந்தால் அவர் எழுத்து எங்கும் ஏறாது.

அவள் அறிவிப்பு அனுப்பவில்லை. வரியை மட்டும் அழித்தாள். அவன் மறுபடி எழுதினான், மறுபடி அழித்தாள். குற்றம் சேரட்டும், ஒரேயடியாகப் பூட்டலாம் என்று காத்திருந்தாள்.

ஒருநாள் பக்கத்தின் உரையாடல் பகுதியிலிருந்து அவன் குரல் வந்தது.

“அம்மா, என் பேரு அருளப்பன். எங்க தாத்தா அன்னைக்கு வெளிய நின்ன படகுல இருந்தாரு. எழுத எழுத அழிக்கிறீங்க. என்ன தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“எழுத வர்றவனுக்கு விதி தெரிஞ்சிருக்கணும்.”

“தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்குக் கேக்குறேன்?”

“எங்கப்பா பேர்ல சேத்தை வாரி அடிக்கிறவனுக்குப் பாடம் நடத்த நான் உக்காந்திருக்கல.”

அப்போதே பூட்டுக்கு விண்ணப்பித்தாள். நடுவர் இயந்திரம் உடனே தீர்ப்புச் சொன்னது: ‘அறிவிப்பு அனுப்பப்படவில்லை. சொல்லித்தராமல் சேரவிட்ட குற்றம் காவலரையே சாரும். காவல், பாதிக்கப்பட்டவருக்கு மாற்றப்படுகிறது.’ அந்த விதிக்கும் முதல் ஆளாய்க் கை தூக்கியவள் அவள்தான். இனி அந்தப் பக்கத்துக்கு அருளப்பன் காவலர், அவள் ஒரு புதியவர்.

மறுநாள் காலை, எதிரே ஒளிப்பலகை வெறுமையாக நின்றது. அப்பாவின் பெயரைக்கூடக் காணோம். பக்கத்தைத் திறந்து, ‘ஊரைக் காத்தவர்’ என்ற பழைய வரியைத் திரும்ப எழுதினாள். பலகை ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. பின்னாலேயே அவளுடைய சொந்த வாசகம் அவளுக்கு வந்து சேர்ந்தது.

‘வருக, புதியவரே. உங்கள் வரிக்குச் சான்று இல்லை. சான்றோடு வாருங்கள், காத்திருக்கிறோம்.’

அப்பா வாயால் சொன்னதைத் தவிர அவளிடம் எந்தச் சான்றும் இருந்ததில்லை.

அதன் கீழே, உரையாடல் பகுதியிலிருந்து அருளப்பனின் குரல், நிதானமாக: “யாரும் சொல்லலைன்னு நாளைக்கு நீங்க சொல்லக்கூடாது பாருங்கம்மா. இது முதல் அறிவிப்பு.”