வடக்குச் சுவரில் ஒட்டிய கடிதங்கள்

டக்கோட்டாச் சமவெளியின் இன்றைய குடிகளும், இனிப் பிறக்கப்போகும் அவர்களுடைய வாரிசுகளும், முடிந்தால் அவர்களுடைய கால்நடைகளும் மேலான கவனம் செலுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டட்டில்வில் நகரின் நிறுவனர், முதல் வணிகர், முதல் தபால் அதிகாரி, மாண்புமிகு அம்ப்ரோஸ் டட்டில் அவர்களின் வாழ்க்கைச் சரித்திரம், ‘நம் வட்டாரத்தின் முன்னோடிப் பெருமக்கள்’ என்னும் தோல் அட்டை போட்ட நூலில், தாடியுடன் கூடிய உருவப்படத்தோடு, முழுப் பக்கத்தில் வெளிவர இருக்கிறது.

சரித்திரத்தை எழுதியவரும் அவரேதான். வேறு யாரிடமாவது விட்டால் தாடி மட்டும்தான் மிஞ்சும் என்று அவருக்குத் தெரியும்.

அன்று பகல் முழுக்க அவர் கடைக்குப் பின்னால் இருந்த பழைய அறையில் உட்கார்ந்து அதைத் திருத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை தலையை உயர்த்தி மோந்து பார்த்தார். பசை வாசனை. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி இறக்கினால் வருமே, அந்தக் கொழகொழப்பான, லேசாகப் புளித்த வாசனை. அடுப்பில் காப்பிப் பாத்திரம் மட்டும்தான் இருந்தது.

“என்ன மச்சான், பசை காய்ச்சினீங்களா? வீடே மாவு நாத்தம் அடிக்குது” என்றபடி உள்ளே வந்தான் வெர்ஜில். டட்டிலின் மறைந்த மனைவிக்குத் தம்பி. குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்பவன். அக்காள் செத்த பிறகும் மச்சானைவிட்டுப் போகாததற்குக் காரணம் பாசமல்ல, சம்பள பாக்கி.

“நான் எங்கடா காய்ச்சினேன்? தை மாசக் குளிர்ல எவன் சுவருக்குக் காகிதம் ஒட்டுவான்?”

வெர்ஜில் மேசை மேல் இருந்த தாளை எடுத்து உரக்கப் படித்தான். “‘தன் கதவைத் தட்டிய எவரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பாத வள்ளல்.’ அடேங்கப்பா! மச்சான், இதப் போடாதீங்க. கடன் கேட்டு வந்தவன் பூராப் பேரும் இன்னும் உசுரோடதான் இருக்கான்.”

“வாய மூடிட்டு ஸ்டேஷனுக்குப் போ. புத்தகக் கம்பெனி ஏஜெண்டு வர்ற நேரமாச்சு.”

“போறேன், போறேன். அந்த நார்வேக்காரி மாரித் இதக் கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. பாவம், அவதான் இல்லையே.”

பனிவண்டியின் மணி கிணுகிணுத்துத் தேய்ந்து மறைந்த பிறகும் டட்டில் பேனாவைத் தொடவில்லை. வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அறைதான் ஒரு காலத்தில் முழுக் கடையும். பலகைச் சுவர், இடுக்கு வழியே காற்று கத்தி போல நுழையும். மரமே இல்லாத அந்த வெளியில் எல்லோரும் வைக்கோலை முறுக்கி அடுப்பெரித்தார்கள், காகிதத்தைச் சுவரில் ஒட்டினார்கள். எரித்தால் ஒரு நொடிச் சூடு, ஒட்டினால் ஒரு குளிர்காலம் காற்று நிற்கும். இலையுதிர் காலந்தோறும் ஒரு அடுக்கு. மேலே செய்தித்தாள், அதன் கீழே சரக்குப் பட்டியல், அதற்கும் கீழே கடைக் கணக்கு. எல்லோருக்கும் சுவர் அப்படித்தான். டட்டிலின் வடக்குச் சுவரில் மட்டும் அடி அடுக்கு வேறு. எழுத்து பலகையைப் பார்க்க, முதுகு அறையைப் பார்க்க, அவர் கையாலேயே ஒட்டியது.

ஹால்வர் தன் மனைவி மாரித்துக்கு எழுதிய கடிதங்கள்.

ஹால்வர் மேற்கே ரயில் பாதை போடப் போயிருந்தான். அவன் நிலத்தில்தான் வட்டாரத்திலேயே இனிக்கிற ஒரே ஊற்று இருந்தது. ஊற்று இருக்கிற இடத்தில்தான் தண்ணீர் பிடிக்க ரயில் நிற்கும், ரயில் நிற்கிற இடம்தான் ஊராகும். இலவச நிலம் வாங்கியவர்கள் அதில் குடியிருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆள் போய்விட்டால் அடுத்தவன் மனுப் போடலாம். புருஷன் செத்துவிட்டான் என்று நம்பினால் அவள் போய்விடுவாள் என்று தபால் அதிகாரி டட்டில் கணக்குப் போட்டார். கடிதங்களைக் கொடுக்கவில்லை. எரிக்கவும் மனம் வரவில்லை. நல்ல கெட்டிக் காகிதம்.

அவள் போகவில்லை. தபால் வரும் நாளெல்லாம் வந்து நின்றாள். அப்போது தபால் கொடுக்க வடக்குச் சுவரில் ஒரு சின்னச் சாளரம் வைத்திருந்தார். கடிதம் வாங்க வருகிறவன் சாமான் வாங்காமல் ஓசியில் அடுப்புச் சூடு காய்ந்துவிடக் கூடாதல்லவா? வெளியே, பனியில், நனைந்த கம்பளிச் சால்வையோடு அவள் நிற்பாள். சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் மகள் சிசெல். பலகைக் கதவில் விரல் முட்டியால் மூன்று தட்டு.

“எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா ஐயா?”

“வரல.”

ஒரு பனிப்புயல் நாளிலும் வந்தாள். அன்றும் வரவில்லை என்றுதான் சொன்னார். சாளரத்தைச் சாத்தினார். பனி உருகிய பிறகு இருவரையும் கண்டெடுத்தார்கள், கடைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில், முகம் கடைப் பக்கம் திரும்பியபடி. டட்டில் அந்த வசந்தத்திலேயே மனுப் போட்டார். சாளரத்தின் மேல் காகிதம் ஒட்டினார். அடுத்த கோடையில் திரும்பி வந்த ஹால்வர் இரண்டு சிலுவைகளைப் பார்த்தான், எதுவும் கேட்காமல் போய்விட்டான்.

இப்போது ஏஜெண்டின் கடிதம் மேசையில் இருந்தது. ‘முன்னோடிகளின் பழைய குடும்பத் தாள்களையும் வியாபாரக் கணக்குகளையும் நூலில் அச்சிடுவது எங்கள் தனிச்சிறப்பு. அவை சுவரில் ஒட்டியிருந்தாலும் பாதகமில்லை. அடி அடுக்குவரை பக்குவமாக உரித்தெடுக்கும் வித்தை எம்மிடம் உண்டு.’

வண்டி திரும்பி வருவதற்குள் அவற்றை எடுத்து எரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றும் போகும், ஊரும் போகும், ஊருக்கு வைத்த பெயரும் போகும்.

வெந்நீர் வைத்தார். மீன் செதில் சீவும் கத்தியை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே வானம் தரையோடு கலந்துவிட்டிருந்தது. புயல். லாயம் தெரியவில்லை, வேலி தெரியவில்லை, சுண்ணாம்பை அள்ளிக் கண்ணாடியில் பூசியது போல எங்கும் ஒரே வெள்ளை வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் வடக்குச் சுவர் மெல்ல உப்பி, மெல்ல உள்ளே போனது. காற்று அடித்தால் ஒட்டிய காகிதம் அப்படித்தான் மூச்சு விடும். எல்லார் வீட்டிலும் விடும். ஆனால் மற்ற மூன்று சுவர்களும் அசையாமல் இருந்தன.

காகிதத்தில் கை வைத்தார். ஈரம். இன்று ஒட்டியது போல ஈரம். பசை வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை வந்தது: நனைந்த கம்பளி.

வெந்நீர் தேவைப்படவில்லை. செய்தித்தாள் தானாகவே தோல் போலக் கழன்று வந்தது. சரக்குப் பட்டியல் வந்தது. கணக்கு வந்தது. பிறகு முதல் கடிதம். பின்பக்கம் பார்த்தபடி ஒட்டியது இப்போது முன்பக்கம் பார்த்தபடி இருந்தது. ஹால்வரின் உருண்டைக் கையெழுத்து: ‘மாரித், வசந்தத்தில் வந்துவிடுவேன். நிலத்தை விட்டு எங்கேயும் போய்விடாதே.’

அடுப்பில் போட்டார். சீறியது, புகைந்தது, எரியவில்லை. அடுத்ததை உரித்தார். அதற்கடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. ஒட்டியது ஒரு கைப்பிடிக் கடிதம்தான், அது அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போதோ முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிட்டது, பலகை இன்னும் வரவில்லை. இடது கை கடிதங்களை மார்போடு அணைத்திருக்க, வலது கையால் கத்தியைச் செருகினார். பிடிவரை இறங்கியது. காகிதம். கையையும் விட்டுப் பார்த்தார். முழங்கைவரை காகிதம். குளிர்ந்த, கூழாகாத, எழுதப்பட்ட காகிதம்.

எல்லாவற்றிலும் அதே கையெழுத்து. ‘ஏன் பதில் போடவில்லை? சிசெல் வளர்ந்துவிட்டாளா? ஏன் பதில் போடவில்லை?’

கையை இழுத்தார். உடனே வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று அவர் விரல்களைச் சற்று நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டது. சின்னதாக. குழந்தைக் கை அளவு.

சுவர் உப்பியது. இந்தமுறை உள்ளே போகவில்லை. ஈரக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு தலை அழுந்தியது. சால்வை போர்த்திய தோள். அதன் இடுப்பருகே இன்னொரு சிறிய தலை. காற்று நின்றுவிட்டது. அடுப்பின் சீறலும் நின்றுவிட்டது. சாளரம் இருந்த இடத்தில், காகிதங்களுக்கு அந்தப் பக்கம், விரல் முட்டி.

தட்டு.

தட்டு.

தட்டு.

“எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா ஐயா?”

கோபமில்லாத குரல். கும்பிட்டுக் கேட்கிற அதே குரல். கடிதங்கள் அவர் கையில் இருந்தன. மார்போடு அணைத்திருந்தார். நீட்டினால் போதும். ‘வந்திருக்கும்மா, இந்தா’ என்று ஒரு சொல். நாக்கு அதற்காகத்தான் புரண்டது என்று அவர் சத்தியமாக நம்பினார். ஆனால் அரசாங்கச் சாளரத்தில் பழகிய நாக்கு.

“வரல” என்றார் டட்டில். “எதுவும் வரல.”

சுவர் அவரை உள்ளே எடுத்துக்கொண்டது.

இருட்டு. இடுக்கு. மூக்கிலும் வாயிலும் பசை. முதுகுக்குப் பின்னால் பலகை, பலகைக்குப் பின்னால் புயல். முகத்துக்கு முன்னால் காகிதம். மூச்சு விட்டால் அது உப்பியது, இழுத்தால் உதட்டோடு ஒட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு காகிதத்துக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. காலில் ஒட்டிய பனியைத் தட்டும் சத்தம்.

“மச்சான்? ஏஜெண்டு ஐயாவக் கூட்டியாந்துட்டேன். மச்சான்!”

கத்தினார். காகிதம் லேசாக நடுங்கியது.

“உங்க மச்சான் எங்கப்பா?” இது ஏஜெண்டு.

“யாரையும் காணோமே. யாருமே இல்ல.”

“ஆனா சுவர் பிரமாதம்! இப்பத்தான் புதுசா ஒட்டியிருக்கார். ஒரு சுருக்கம் இல்ல பாருங்க. பூரா பழைய கடிதம். எல்லாம் நேரா, படிக்கிற மாதிரி!”

“ஐயா, கொஞ்சம் சத்தமாப் படிங்க, பனியில வண்டி ஓட்டிக் கண்ணு கூசுது, எனக்கு எழுத்து தெரியல.”

ஏஜெண்டுக்கு நல்ல குரல். முதல் கடிதத்திலிருந்து தொடங்கினான். தேதி, பெயர், முகவரி, ஒன்றும் விடவில்லை. மூன்றாவதில் அவன் குரல் மெலிந்தது. அடுத்ததில் வெர்ஜில் தொப்பியைக் கழற்றும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒவ்வொரு சொல்லும் காகிதத்தின் வழியே நேராக டட்டிலின் முகத்தில் வந்து விழுந்தது. முகத்தைத் திருப்ப இடமில்லை. அவருடைய இரு பக்கமும் நனைந்த கம்பளி நெருங்கி வந்து, கடிதம் கேட்க உட்கார்ந்தவர்களைப் போலச் சாய்ந்துகொண்டது. ஒரு சின்னக் கை அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. படித்து முடித்துவிட்டார்கள் என்று அவர் நினைத்தபோது, அவர் கன்னத்துக்கு அருகே, அடியில் இருந்த அடுக்கு ஒன்று, மெல்ல, மேலே நகர்ந்து வந்தது.

‘நம் வட்டாரத்தின் முன்னோடிப் பெருமக்கள்’ அந்த இலையுதிர் காலத்தில் வெளிவந்தது. டட்டிலுக்கு ஒதுக்கிய பக்கத்தில் பன்றிகளுக்கான குடற்புழு மருந்து விளம்பரம் இருந்தது.