ஆளுக்கொரு இரைச்சல்

“குரல் போச்சு மச்சான்!” போனில் அவ்வளவுதான் சொன்னார் மாப்பிள்ளை.

இன்ஸ்பெக்டர் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். காலையில்தான் அவருடைய தங்கைக்குத் தொண்டையில் ஆபரேஷன் முடிந்திருந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அது முன்பே தெரிந்ததுதான். அதனால் வீட்டில் தினமும் பேசுகிற பேச்சையெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தாள். பொத்தானை அழுத்தினால் அவள் குரலிலேயே பேசும் கருவி தயாராகிறது. மாலை ஆறுக்குள் பதிவை அனுப்பாவிட்டால் கம்பெனிக்காரர்கள் யாரோ ஒருத்தியின் குரலைப் போட்டுவிடுவார்கள்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“பூரா இரைச்சல் மச்சான். உஸ்ஸு உஸ்ஸுன்னு. எல்லாம் இவளாலதான். ஜன்னலைத் திறந்து வெச்சுப் பதிவு பண்ணியிருக்கா!”

மூலையில், பதிவுக்குக் கூட இருந்து உதவிய மாப்பிள்ளையின் தங்கை குட்டி அழுதுகொண்டிருந்தாள். “சத்தியமா இல்லண்ணா. ஜன்னலைச் சாத்தி, ஃபேனைக்கூட நிறுத்தினேன்.”

“ஸ்பீக்கர்ல போட்டீங்களா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அது ரிப்பேர். மைக் வெச்ச இந்த ஹெட்போன்தான் இருக்கு.”

“வேற எதுலயாவது?”

“கம்பெனிக்காரன் குடுத்த மென்பொருள். இந்தக் கம்ப்யூட்டரைத் தவிர எதுலயும் திறக்காது.”

“இரைச்சலை நீக்க வழியில்லையா?”

“இதுலயே இருக்கு. காப்பி எடுத்து நீக்கிப் பாத்தேன். அவ குரல் தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி ஆச்சு. இரைச்சல் அப்படியே இருக்கு.”

“அப்படியேவா?”

“துளிகூடக் குறையல.”

இன்ஸ்பெக்டர் போடச் சொன்னார். மாப்பிள்ளை ஹெட்போனை மாட்டினார். கேட்கக் கேட்கக் கண் கலங்கியது. கழற்றி வைத்துவிட்டு, பிறகுதான் நிறுத்தினார்.

“ஏன் கழட்டிட்டு நிறுத்தறீங்க?”

“அவ பேச்சு பாதியில அறுபடறத என்னால கேக்க முடியல.”

அடுத்து குட்டி. பேனா மூடியைத் தட்டிக்கொண்டே கேட்டாள். அவளும் கழற்றிவிட்டுத்தான் நிறுத்தினாள். அண்ணன் கட்டளை.

“எனக்கு உஸ்ஸுன்னு கேக்கல. டிக்கு டிக்குன்னு இருக்கு.”

கடைசியில் இன்ஸ்பெக்டரே மாட்டிக்கொண்டார். சவரம் செய்யாத தாடையைத் தேய்த்தபடி யோசித்தார். அவருக்கோ கரக், கரக்.

ஆறு மணி நெருங்கிவிட்டது. மாப்பிள்ளை போனை எடுத்தார். “விடுங்க மச்சான். வேற குரலையே போடச் சொல்லிடறேன். என் தலையெழுத்து.”

இன்ஸ்பெக்டர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அப்படியே நிறுத்தினார். தங்கையின் பேச்சு நின்றது. கரக், கரக் நிற்கவில்லை.

தாடையிலிருந்து கையை எடுத்தார். நின்றுவிட்டது.

“போனை வைங்க மாப்ளே. ஆள் அகப்பட்டாச்சு.”

“யாரு?”

“இந்த மைக். பதிவுல ஒரு இரைச்சலும் இல்ல. ஒரே பதிவு ஆளுக்கொரு மாதிரி இரையுமா? இல்லாத இரைச்சலை எந்த மென்பொருள் நீக்கும்? மைக் திறந்தே கிடக்கு, இங்க நடக்கறத உடனுக்குடனே காதுல போடுது. டிக்கு டிக்கு குட்டியோட பேனா. கரக் கரக் என் தாடி. ஒரு தடவை மாட்டிக்கிட்டே நிறுத்தியிருந்தா நீங்களே புடிச்சிருப்பீங்க.”

கம்ப்யூட்டரில் மைக்கின் அமைப்புகளைத் திறந்தார். ‘உங்கள் குரலை நீங்களே கேட்க’ என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் இருந்தது.

“இதை யாரு போட்டது?”

“அண்ணிதான்,” என்றாள் குட்டி. “‘என் குரல கடைசியா நானே கேட்டுக்கறேன்டி’ன்னாங்க. எடுக்க மறந்துட்டோம்.”

“அப்ப அந்த உஸ்ஸு உஸ்ஸு?” என்றார் மாப்பிள்ளை.

“நீங்க அழுதது.”

டிக்கை எடுத்துவிட்டு ஹெட்போனை மாப்பிள்ளையின் தலையில் மாட்டி, கடைசி வாக்கியத்தைப் போட்டார் இன்ஸ்பெக்டர். தங்கையின் குரல் சுத்தமாகக் கேட்டது:

“மூக்கை உறிஞ்சினது போதும். போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க.”

மாப்பிள்ளை பதிவை அனுப்பினார். குட்டியின் தலையை ஒரு முறை தடவிக் கொடுத்தார். பிறகு, மனைவி சொன்னபடி முகம் கழுவப் போனார்.